கணக்கில் வராத கடைசிப் பெட்டி

காவேரிப்பட்டணம்,
5.1.1992

அன்புள்ள முனிராஜுக்கு,

குழந்தைக்கு இன்றோடு ஏழு வாரம். பெண். கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்ததாக என் வீட்டுக்காரர் சொன்னார். ஓசூரில் கொடுத்த லட்டு பாலகொண்டபுரம் ஸ்டேஷன் வரைக்கும் வந்திருக்காது. நேரில் பார்க்கும்போது தருகிறேன்.

அவள் விழிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பிப்ரவரி பத்தாம் தேதி, சக்கரங்களை எண்ணும் நம் ஆக்சில் கவுண்ட்டரை சிக்னலோடு இணைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இதுவரை டிரையல் என்ற பேரில் அது ஒரு மூலையில் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. இணைத்த பிறகு அது 'பாதை காலி' என்று பச்சை காட்டினால், அடுத்த வண்டியை உள்ளே விட்டுவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை தடுப்பூசி போட கிருஷ்ணகிரி போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஒரு மேட்டில் நின்றது. டிரைவர் பிரேக்கை விட்டதும் ஒரு முழம் பின்னால் வந்து, அப்புறம்தான் முன்னால் ஏறியது. பின் சீட்டிலிருந்து ஒருத்தர், "யோவ், போறியா வர்றியா? ஒண்ணச் சொல்லுய்யா!" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. போகிறதா வருகிறதா என்பதைத்தானே நான் எழுதிய புரோகிராம் பார்க்கிறது?

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்குத் தெளிவாகிறது. பாதையின் ஒவ்வொரு முனையிலும் தண்டவாளத்தை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில் நம்முடைய இரண்டு சென்சார் கண்கள். ஒரு ஜோடிச் சக்கரம் வந்தால் முதல் கண்ணை மறைக்கும், பிறகு இரண்டையும் சேர்த்து மறைக்கும், பிறகு கடந்து போகும். அடுத்த ஸ்டேஷனில் பாதைக்குள் நுழையும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று கூட்டுகிறோம். உங்கள் பக்கம் வெளியே வரும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று கழிக்கிறோம். பூஜ்யம் வந்தால் பச்சை. இதில் நான் செய்தது என்னவென்றால், சக்கரம் இரண்டு கண்ணையும் மறைத்த நொடியிலேயே எண்ணிவிடுகிறேன். அது முழுதாகக் கடந்து போனதா என்று பார்க்கக் காத்திருப்பதில்லை. வேகமாக வரும் வண்டியில் ஒரு சக்கரமும் தவறக் கூடாதென்று அப்படி நேரத்தை மிச்சம் பிடித்தேன். மேனேஜர் பொன்னுசாமி சார் அதற்காக எல்லோர் முன்னாலும் கை தட்டினார்.

ஒரு சக்கரம் இரண்டு கண்ணையும் மறைத்து நின்று, அரைச் சாண் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தால்? ஒரே சக்கரத்தை இரண்டு தடவை கழித்துவிடுவேன். வண்டி முழுதாக வெளியே வருவதற்கு முன்பே பூஜ்யம் வந்துவிடும்.

டிரையல் ரிஜிஸ்டரைப் பாருங்கள். கவுண்ட்டர் எத்தனை தடவை பழுது காட்டியது, அப்போது என்ன எண் இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே எண் இறங்கியிருந்தால் நான் சொல்வது சரி. எல்லாம் என் வெறும் பயமாகவும் இருக்கலாம். எனக்கு இப்போது எதைக் கண்டாலும் பயம்.

இப்படிக்கு,
ஹேமாவதி


பாலகொண்டபுரம்,
10.1.1992

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பெண் குழந்தை பிறந்ததில் மிக்க மகிழ்ச்சி.

டிரையல் ஆரம்பித்து இன்றோடு தொண்ணூறு நாள் ஆகிறது. ரிஜிஸ்டரில் பழுது என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறது. தொண்ணூறு பக்கத்திலும் அப்படித்தான். ஸ்டேஷன் மாஸ்டர் ஆஞ்சப்பன் சாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆகவே தாங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

கேட்டதால் ஒன்று சொல்கிறேன். ஜூலை மாதம் முதன்முதலாக இங்கே கவுண்ட்டரை ஓட்டிப் பார்த்தபோது பழுது வந்தது. தாங்கள் ஓசூரில் உட்கார்ந்தபடி 'சைட்டில் கேபிள் இணைப்பு சரியில்லை, புரோகிராமில் குறை இல்லை' என்று ரிப்போர்ட் எழுதினீர்கள். நானும் நாலு ஆட்களும் மழையில் அறுநூற்று நாற்பது மீட்டர் மண்ணைத் தோண்டினோம். இணைப்பு எல்லாம் நன்றாகவே இருந்தது. இருந்தாலும் பிரித்து மறுபடி கட்டினோம். ஆகஸ்டில் வரவேண்டிய என் வேலை நிரந்தர உத்தரவு அந்த ரிப்போர்ட்டால் நின்றது. இன்னும் வரவில்லை. பிப்ரவரி பத்து முடிந்தால் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்போதும் தாங்கள் சைட்டுக்கு வராமல்தான் எழுதினீர்கள். இப்போதும் வராமல்தான் எழுதுகிறீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் உண்மையுள்ள,
மு. முனிராஜ்
சைட் சூப்பர்வைசர்


காவேரிப்பட்டணம்,
16.1.1992

அன்புள்ள முனிராஜ்,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. உடனே எழுத முடியவில்லை. கை ஓடவில்லை என்பதுதான் நிஜம். முன்பெல்லாம் 'ஹேமாக்கா' என்பீர்கள். கடிதம் முழுக்க எத்தனை 'தாங்கள்'!

ஜூலையில் நான் சைட்டுக்கு வராததற்குக் காரணம் இருந்தது. ஐந்தாம் மாதம், டாக்டரம்மா பஸ்ஸில் போகக் கூடாதென்று சொல்லியிருந்தார். ஆனால் வராமல் இருந்தது வேறு, வராமலே கையெழுத்துப் போட்டது வேறு. அது எனக்குத் தெரிகிறது. அதைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். இப்போது வரவில்லை.

பதினோராம் தேதி எஸ்.டி.டி. பூத்தில் போய் பொன்னுசாமி சாருக்குப் போன் செய்தேன். "ஏம்மா, தொண்ணூறு நாள் ஒரு ஃபெயிலியர் இல்லாம ஓடியிருக்கு. நீ குழந்தையப் பாரும்மா" என்று சிரித்தார். வீட்டில் அம்மா, "பச்ச ஒடம்பு. காயிதத்தையே உத்து உத்துப் பாத்தா கண்ணு என்னாத்துக்கு ஆவும்?" என்று புரோகிராம் அச்சடித்த மடிப்புத் தாள்களை எடுத்து அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் கோவிந்தப்பன் ஞாயிற்றுக்கிழமை வந்து, "ரயிலு ஓட்றவனே நிம்மதியா தூங்கறான், நீ எதுக்கு முழிச்சிட்டிருக்க?" என்று கேட்டார்.

எல்லோரும் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. குழந்தை தூங்கும்போது நான் அதன் மூச்சை எண்ணுகிறேன். நிமிடத்துக்கு நாற்பது. ஒரு மூச்சு தள்ளிப் போனால் தட்டி எழுப்பிவிடுகிறேன், அது வீறிட்டு அழுகிறது. டாக்டரம்மா, "எண்ணாத. எண்ணறத நிறுத்துனாலே பாதி சரியாயிடும்" என்றார். எண்ணுவதுதான் என் வேலை என்று சொல்ல நினைத்தேன். எந்தப் பயம் என் உடம்பிலிருந்து வருகிறது, எந்தப் பயம் என் படிப்பிலிருந்து வருகிறது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, முனிராஜ். அதனால்தான் வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். லேபில் நாம் இதைச் சோதிக்கவே இல்லை. ரயில் சக்கரத்துக்குப் பதிலாக மோட்டாரில் சுற்றும் அந்தப் பல் வெட்டிய இரும்பு வட்டு ஞாபகம் இருக்கிறதா? மெதுவாக ஓட்டினோம், வேகமாக ஓட்டினோம், திருப்பி ஓட்டினோம். நடுவில் நிறுத்தியதே இல்லை. சாப்பாட்டு மணி அடித்தால் மெயினையே அணைத்துவிட்டுப் போவோம். வட்டு நிற்கும்போது முன்னும் பின்னும் ஆடித்தான் நின்றிருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து கவுண்ட்டரும் அணைந்து கிடந்தது. ஒரு வருஷமாக தினமும் மத்தியானம் தவறு எங்கள் கண் முன்னால் ஆடியிருக்கிறது. நாங்கள் தயிர்சாதத்தைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போயிருக்கிறோம்.

ரிஜிஸ்டரை விடுங்கள். நம் கண்கள் இருக்கிற இடத்துக்கு மேலே சக்கரம் வந்து நிற்கிற மாதிரி ஏதாவது வண்டி அங்கே நிற்பதுண்டா? அது போதும்.

ஹேமாவதி


பாலகொண்டபுரம்,
21.1.1992

அக்கா,

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

நிற்பதுண்டு. பெங்களூர் பக்கம் போகும் நீள கூட்ஸ் வாரத்தில் இரண்டு மூன்று தடவை வரும். இங்கே இரண்டாம் லைன் நீளம் போதாது. வண்டி உள்ளே வந்து நின்றால் வால் வெளியே, நம் கண்கள் இருக்கிற இடத்தில்தான் நிற்கும். சக்கரம் நேராகக் கண் மேலேயே வந்து நிற்பது எப்போதாவதுதான். கடைசியில் இருக்கும் கார்டு பெட்டி மட்டும் பாதைக்குள் மாட்டிக்கொள்ளும். எதிர் வண்டி வந்து சேர்ந்து சிக்னல் கிடைத்த பிறகு முன்னால் இழுப்பார்கள். அந்த இடம் வேறு கொஞ்சம் சரிவு. நின்றதும் கொக்கி எல்லாம் இழுபட்டு, பெட்டி இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் அசையும். கார்டு மாரிசாமி அண்ணன், "தொட்டில்ல போட்டு ஆட்ற மாதிரி ஆட்றானுங்கப்பா" என்பார்.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது. ரிஜிஸ்டரில் 'இல்லை' என்று இருக்கிறதே, அது பொய். மூன்று தடவை பழுது வந்தது. நவம்பரில் ஒன்று, டிசம்பரில் இரண்டு. மூன்றும் நீள கூட்ஸ் கிளம்பிப் போன பிறகு. நான் எண்ணைப் பூஜ்யமாக்கும் ரீசெட் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு, பக்கத்தில் 'இல்லை' என்று எழுதினேன். ஆஞ்சப்பன் சார் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எண்ணைப் பார்த்தேனா என்றால், ஒரு தடவை பார்த்தேன். கழித்தல் குறி போட்டு இரண்டு என்று இருந்தது.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். எழுதினால் என்ன நடக்கும் என்று ஜூலையில் பார்த்துவிட்டேனே. பழுது என்று ஒரு வரி எழுதினால் மறுபடி 'சைட் வயரிங் சரியில்லை' என்று ஓசூரிலிருந்து காகிதம் வரும். மறுபடி மண்வெட்டி. மறுபடி என் உத்தரவு நிற்கும். என் மனைவி வெள்ளையம்மா வீட்டில் கல்யாணத்தின்போதே, "வேல பர்மனென்ட்டா?" என்று கேட்டார்கள். "ஆயிடும் ஆயிடும்" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, ஒரு வழி இருக்கிறது. புரோகிராமைச் சரிசெய்து, புது சிப் இரண்டில் பதித்து அனுப்பச் சொல்லுங்கள். லேபில் கங்கப்பனிடம் சொன்னால் யாருக்கும் தெரியாமல் செய்து தருவான். ஒன்றை இங்கே மாட்டுகிறேன், இன்னொன்றை அடுத்த ஸ்டேஷனில் மாட்டுகிறேன். பத்து நிமிஷ வேலை. பழைய ஸ்டிக்கரையே மேலே ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? உங்களுக்கும் கெட்ட பெயர் இல்லை, எனக்கும் இல்லை, வண்டிக்கும் ஆபத்து இல்லை. பத்தாம் தேதி நல்லபடியாக முடியும்.

யோசித்துப் பதில் போடுங்கள்.

முனிராஜ்


காவேரிப்பட்டணம்,
25.1.1992

முனிராஜ்,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால், தாள்களோடு வைத்திருக்கிறேன்.

கழித்தல் இரண்டு என்று படித்ததும் முதலில் சந்தோஷமாக இருந்தது. எனக்குப் பைத்தியம் இல்லை என்று. அடுத்த நிமிஷம் அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகிவிட்டது. கார்டு பெட்டிக்கு இரண்டே ஜோடிச் சக்கரம். மாரிசாமி அண்ணன் உள்ளே உட்கார்ந்திருக்க, அவர் பெட்டியை நான் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டிருக்கிறேன். வண்டி கிளம்பும்வரை கவுண்ட்டர் பச்சையைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கும். அது கிளம்பிப் போன பிறகுதான் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய் பழுது என்று கத்தும். கத்த வேண்டிய நேரத்தில் கத்தாமல், எல்லாம் முடிந்த பிறகு.

நீங்கள் சொன்ன வழியை நான் யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். திருத்தம் பெரிதில்லை. சக்கரம் எந்தக் கண்ணைக் கடைசியாக விட்டுப் போகிறது என்று பார்த்து, அதன் பிறகு எண்ண வேண்டும். இருபத்தேழு வரி. நேற்று மத்தியானம் அவள் மடியில் கிடக்கும்போதே எழுதிவிட்டேன். கோவிந்தப்பனிடம் சொன்னேன். "மாத்திட்டுப் போக வேண்டியதுதானே? எங்க ஃபேக்டரியில தினம் நடக்கறதுதான். சொல்லிட்டு மாத்தறவன எவன் மதிக்கறான்?" என்றார். கங்கப்பனுக்குக் கடிதம் எழுதி, உறையில் போட்டு, ஸ்டாம்ப் கூட ஒட்டிவிட்டேன்.

பிறகு அந்த இருபத்தேழு வரியை மறுபடி படித்தேன். சரியாகத்தான் தெரிந்தது. போன வருஷம் எழுதியதும் இப்படிச் சரியாகத்தான் தெரிந்தது. வட்டை நிறுத்தி ஆட்டிப் பார்க்காமல், இன்னொருவர் பார்க்காமல், வீட்டில் உட்கார்ந்து நான் எழுதியது சரி என்று நானே சொல்லி சிக்னலில் மாட்டினால், ஜூலையில் செய்ததைத்தான் மறுபடி செய்கிறேன். இந்தத் தடவை அந்தத் தவறைப் பிடிக்க ரிஜிஸ்டரும் இருக்காது. பழைய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். நாளைக்கு வேறொரு பெண் என் இடத்துக்கு வந்து, ஸ்டிக்கரைப் பார்த்து, தவறான தாளைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

உறையைப் பிரித்துவிட்டேன்.

ஜூலை பற்றி எழுத வேண்டும் என்றேனே. பழுது என் புரோகிராமில் இருந்தது. கேபிளில் இல்லை. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உங்கள் வேலை சரியில்லை என்று எழுதினேன். ஏனென்றால் என் வேலை சரி என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நீங்கள் ரிஜிஸ்டரில் பொய் எழுதியது தப்புதான். எழுத வைத்தது நான். மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் ரொம்பச் சின்ன வார்த்தையாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள்.

பொன்னுசாமி சாருக்கு நான் எழுதப் போகிறேன். என் தவறை மட்டும்தான் எழுதுவேன். ரிஜிஸ்டர் உங்களுடையது. அதைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன். ஆனால் சாட்சி இல்லாமல் என் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அடுத்த தடவை நீள கூட்ஸ் வரும்போது சாவியைத் தொடாதீர்கள். நின்று பாருங்கள். அதற்கு மேல் நான் கேட்க மாட்டேன்.

ஹேமா


பாலகொண்டபுரம்,
30.1.1992

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு நாள் வைத்துக்கொண்டே சுற்றினேன். கோபம் வந்தது. 'ரிஜிஸ்டர் உங்களுடையது' என்று எழுதினீர்களே, அதற்கு நீங்கள் நேராக 'உன்னை நீயே காட்டிக் கொடு' என்றே எழுதியிருக்கலாம்.

நேற்று காலை பத்தே காலுக்கு நீள கூட்ஸ் வந்தது. ஆஞ்சப்பன் சாரிடம், "சார், இன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் நம்ம கவுண்ட்டர் முன்னாடி நின்னு, அதுல என்ன தெரியுதுன்னு போன்ல படிச்சிச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு, நான் தண்டவாள ஓரமாக வால் நிற்கும் இடத்துக்கு நடந்து போனேன். அங்கே இரும்புப் பெட்டிக்குள் ஒரு போன் இருக்கிறது. அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வண்டி முனகிக்கொண்டே வந்து நின்றது. கார்டு பெட்டிக்கு முந்தின பெட்டியின் கடைசிச் சக்கரம் சரியாக நம் கண்கள் மேலே. கார்டு பெட்டி அதற்குப் பின்னால், முழுதாகப் பாதைக்குள். கொக்கி இழுபட்டது. சக்கரம் அரைச் சாண் பின்னால் போனது. முன்னால் வந்தது. மறுபடி பின்னால், மறுபடி முன்னால். நின்றது.

"என்ன சார் இருக்கு?"

"ஜீரோ" என்றார் ஆஞ்சப்பன் சார்.

"லைட்டு?"

"பச்சை. ஏன்ப்பா, வண்டி முழுசா வந்திடுச்சா?"

நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன் அக்கா. பதினைந்து அடி தூரத்தில் மாரிசாமி அண்ணன் பெட்டி வாசலில் உட்கார்ந்து, தூக்குப் போசியில் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறார். "இன்னா தம்பி, இப்பிடி மொறைச்சுப் பாக்கற? கூழு வேணுமா, இல்ல பொண்ணு கேட்டு வந்தியா?" என்கிறார். போனில் ஆஞ்சப்பன் சார் பச்சை பச்சை என்கிறார். உங்கள் கடிதத்தில் படித்தபோது அது ஒரு எண். நேரில் அது ஒரு ஆள், மீசையில் கூழ் ஒட்டியிருந்தது.

"சார், கார்டு பெட்டி இன்னும் உள்ளதான் இருக்கு" என்றேன்.

அவர் தாய்பாஷைக்குப் போய்விட்டார். "ஏனப்பா, நின்ன மிஷினு மாரிசாமீன திந்துபிடுத்தா?" உன் மெஷின் மாரிசாமியைத் தின்றுவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் குரல் சரியாக இல்லை.

வண்டி கிளம்பிப் போனதும் கழித்தல் இரண்டு வந்தது, பழுது மணி அடித்தது. நான் சாவியைத் தொடவில்லை. ரிஜிஸ்டரில் நேரம், எண், எங்கே நின்றது, யார் பார்த்தது எல்லாம் எழுதினேன். ஆஞ்சப்பன் சார் இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவரிடம் மற்ற மூன்றையும் சொன்னேன். "என் கையெழுத்தும் அதுல இருக்கே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அப்போதே உட்கார்ந்து மேனேஜருக்கு எழுதினேன். நவம்பர், டிசம்பர் எல்லாம். நான் மறைத்தேன் என்று. உங்கள் பெயரை எழுதவில்லை. வெள்ளையம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

முனிராஜ்


காவேரிப்பட்டணம்,
4.2.1992

அன்புள்ள முனிராஜ்,

நேற்று காலை எங்கள் தெருவில் கம்பெனி ஜீப் வந்து நின்றது. பொன்னுசாமி சார் இறங்கினார், கையில் இரண்டு கடிதம். உங்களுடையதும் என்னுடையதும் ஒரே தபாலில் போயிருக்கிறது.

உட்காரக்கூட இல்லை. "ஏம்மா, ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கிட்டா எழுதனீங்க? அவன் 'நான்தான் மறைச்சேன், வேற யாருக்கும் சம்பந்தமில்ல'ங்கறான். நீ 'நான்தான் தப்பா எழுதினேன், வேற யாருக்கும் சம்பந்தமில்ல'ங்கற. ரயில்வேக்காரன் முன்னால நான் எந்தக் காயிதத்த நீட்டறது?" என்று சத்தம் போட்டார். குழந்தை எழுந்து அழ ஆரம்பித்தது. அம்மா சமையல்கட்டிலிருந்து வந்து, "சாரு, பெத்த ஒடம்புக்காரி வூட்ல வந்து மெரட்றீங்களே, ஒங்க ஆபீசுல வேற ஆம்பளயே இல்லியா?" என்று கேட்டுவிட்டாள். அவர் அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

தாள்களை எடுத்து வரச் சொன்னார். கூடத்தில் அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர் வரை விரித்தோம், தூளிக்கு அடியில் போய் வந்தது. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மண்டி போட்டு, வரி வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். அதை எடுக்கவே இல்லை. காபி ஆறிப் போனது. கடைசியில், "கடைசிப் பக்கத்துல சரிபார்த்தவர்னு இருக்கே, அது யார் கையெழுத்து?" என்று கேட்டார். அவருடையதுதான். அவருக்கும் தெரியும். என் வாயால் கேட்க வேண்டும் போல அவருக்கு இருந்தது என்று நினைக்கிறேன். நான் அந்தப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

போகும்போது நான் எழுதிய இருபத்தேழு வரியை நீட்டினேன். வாங்கவில்லை. "நீ வா. லேப்ல உக்காந்து, வட்டக் கையில புடிச்சி ஆட்டு. நான் பாக்கறேன். கங்கப்பன் பாக்கட்டும். அப்பறம் முனிராஜ் பாக்கட்டும்" என்றார். பத்தாம் தேதி இணைப்பதை நிறுத்தித் தந்தி கொடுப்பதாகச் சொன்னார். ஜூலை ரிப்போர்ட் தவறு என்று நான் எழுதியதை உங்கள் ஃபைலில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். வைப்பதாகச் சொன்னார். உங்கள் உத்தரவு பற்றிக் கேட்டேன். "பொய் எழுதினவன நான் எப்பிடிம்மா உடனே பர்மனென்ட் பண்றது?" என்றார். அந்த இடத்தில் நான் தோற்றுவிட்டேன் முனிராஜ். இன்னொரு தடவை கேட்பேன்.

பதினேழாம் தேதி வேலைக்கு வருகிறேன். அம்மா மூன்று மாதம் ஓசூரில் வந்து இருப்பாள், கோவிந்தப்பன் ராத்திரி ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொள்வார். குழந்தையை விட்டுவிட்டு எட்டு மணி நேரம் எப்படி இருக்கப் போகிறேனோ. பயம் குறையவில்லை. குறைந்தால் நல்லதா என்றும் தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் இதைக் கேட்க வேண்டும்.

வெள்ளையம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? நான் வேண்டுமானால் அவளுக்கு எழுதட்டுமா?

ஹேமா


பாலகொண்டபுரம்,
12.2.1992

அக்காவுக்கு,

வெள்ளையம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள், "அந்த கார்டுக்கு எத்தன கொழந்தைங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவ்வளவுதான், தட்டில் சோறு போட்டாள்.

மெமோ வந்தது. உத்தரவு ஆறு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். தள்ளிப் போட்டதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரையல் முதலிலிருந்து மறுபடி நூற்று இருபது நாள். நீங்கள் சிப் கொண்டு வரும்போது சாப்பிட்டுவிட்டு வராதீர்கள், இங்கே வீட்டில் சாப்பிடலாம்.

கவுண்ட்டரை இணைப்பதாக இருந்த பத்தாம் தேதியைப் பற்றி எழுத வேண்டும். அன்றைக்கு நீள கூட்ஸ் வந்தது. மாரிசாமி அண்ணன் லீவு. கார்டு வேறு ஆள், ரொம்பச் சின்ன வயசு, பெயர் தெரியாது. வால் வழக்கம்போல வெளியே நின்றது, வழக்கம்போல ஆடியது. நான் உள்ளே போய் நம் கவுண்ட்டரைப் பார்த்தேன். பச்சை. அடுத்த ஸ்டேஷனில் பேசஞ்சர் வண்டி நிறைய ஜனத்தோடு காத்துக்கொண்டிருந்தது. "பாதை காலியா?" என்று அங்கிருந்து ஆஞ்சப்பன் சாருக்குப் போன் வந்தது. அவர் நம் கவுண்ட்டர் பக்கம் திரும்பவே இல்லை. கடைசிப் பெட்டி என்று காட்ட அதன் பின்னால் மாட்டியிருக்கிற பலகையை என் கண்ணால் பார்த்தால்தான் சொல்வேன் என்று வாசலில் போய் நின்றுகொண்டார். எதிர் வண்டி வந்து சேர்ந்து, கூட்ஸ் முன்னால் இழுத்து, பலகை தெரிய பதினோரு நிமிஷம் ஆனது. பிறகுதான் காலி என்று சொன்னார்.

பேசஞ்சர் பதினோரு நிமிஷம் லேட்டாக வந்தது. பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர் இறங்கி வந்து ஆஞ்சப்பன் சாரைப் பிடித்துக்கொண்டார்கள். "ஷிப்ட்டுக்குள்ள விட மாட்டான் சார், பாதி நாள் சம்பளம் போச்சு, நீங்க குடுப்பீங்களா?" என்றார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மா ஜன்னலிலிருந்து, "ஒங்களுக்கெல்லாம் வேற வேலயே இல்லியாய்யா?" என்று திட்டியது. சார் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

வேறு ஒன்றும் நடக்கவில்லை அக்கா. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

முனிராஜ்